நான்கு வால்கள்

"கிருஷாந்தி, குட்டிகள எடுத்துக் குடு" என்று றேணுகா மிஸ் சொன்னபோது நான் நாய்க்கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். எழும்பவில்லை. உள்ளே இருந்தபடியே கதவின் கொளுக்கியை மாட்டினேன். வெளியே வாங்குப் பலகையின் மேல் சுவக்கின் என்ற அண்ணன் கத்தரிக்கோல், நூல், மருந்துப் போத்தல் எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் பரப்பியிருந்தார். பூசைக்கு அடுக்கியது போல அவ்வளவு ஒழுங்கு.

அம்பிட்டியவில் மிஸ்ஸின் வீட்டில் டெரியர் நாய்கள் வளர்த்து விற்கிறார்கள். குட்டி பிறந்து மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் வாலை வெட்டிவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். அதைத் தாண்டினால் இரத்தம் நிற்காது என்று சுவக்கின் அண்ணன் தொடமாட்டார். ஏன் வெட்ட வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். "அப்பத்தான் டெரியர் மாதிரி இருக்கும்" என்றார் மிஸ். வாலோடு பிறப்பதும் டெரியர்தானே என்று கேட்க அன்று எனக்கு வாய் வரவில்லை. ஹேவாஹெட்டவிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து நாய்களைப் பார்க்கிற வேலை. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்துக்கூடை சுமப்பதைவிட இது மேல் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

முன்பு ஒரு மிருக வைத்தியர் வந்து வெட்டினார். இனிமேல் இந்த வேலைக்குக் கூப்பிட வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். அதன்பிறகு அவருக்கு உதவியாளாக இருந்த சுவக்கின் அண்ணன் தனியாக வர ஆரம்பித்தார். யார் வெட்டினாலும் பிடித்துக் கொடுப்பவள் நான்தான். தாய் நாய் டெய்சி குட்டி போட்டுவிட்டால் மிஸ்ஸைக்கூடக் கிட்டே விடாது. என்னை மட்டும் விடும். நான் கையை நீட்டினால் குட்டியின் மேலிருந்து முகத்தை எடுத்து வழிவிடும். மூன்று ஈத்து, பதினொரு குட்டி, எல்லாம் இந்தக் கையால்தான் கொடுத்தேன். குட்டி வீரிட்டுக் கத்தும், உள்ளங்கைக்குள் ஒரு துடிப்பு, அவ்வளவுதான். திரும்பக் கொண்டுபோய் வைத்தால் டெய்சி முதலில் குட்டியை நக்கும், பிறகு என் கையை நக்கும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கடித்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

இந்தத் தடவை செவ்வாய்க்கிழமை நாலு குட்டி. வியாழன் சுவக்கின் அண்ணனுக்குக் கோயிலில் வேலை. அடுத்த நாள் பெரிய வெள்ளி. "இன்னிக்கு ரத்தம் சிந்தக்கூடாது" என்று மிஸ் வெள்ளைச் சேலை கட்டிச் சிலுவைப்பாதைக்குப் போய்விட்டார். நான் விரலை மடக்கிப் பார்த்தேன். மிச்சம் இருந்தது சனிக்கிழமை மட்டும். அன்றும் நாலு மணிக்கு அண்ணனுக்கு உயிர்ப்புப் பூசைக்கான பாட்டுப் பயிற்சி. ஒரே ஒரு பகல் அசையாமல் இருந்தால் போதும் என்று வெள்ளிக்கிழமையே முடிவு செய்துவிட்டேன்.

"கொளுக்கிய கழட்டு, கிருஷாந்தி."

"இல்ல மிஸ். நான் புடிக்க மாட்டேன்."

"என்னா தங்கச்சி, ஒரு நிமிஷ வேல" என்றார் சுவக்கின் அண்ணன். "இந்த வயசுல அதுகளுக்கு நோவே தெரியாது."

"உங்களுக்குத் தெரியாது அண்ணே. துடிக்கிறது என் கையிலதானே."

மிஸ்ஸின் முகம் சிவந்தது. கொழும்புக்காரர்கள் வாலுள்ள குட்டியைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள் என்றார். பத்து வருடமாக எடுத்த பெயர் போய்விடும் என்றார். கடைசியில், "திங்கக்கிழமையிலருந்து நீ வர வேணாம்" என்றார். வீட்டில் இரண்டு பிள்ளைகள், உழைப்பது நான் ஒருத்தி. ஆனாலும் எழும்பாமல் சப்பணமிட்டுக்கொண்டேன்.

"நேத்து வெட்டினா பாவம். இன்னிக்கு வெட்டினா பாவமில்லையா மிஸ்?"

மிஸ் கூண்டடிக்கு வந்தார். கம்பிக்கு மேலாகத் தானே கையை உள்ளே விட்டார். டெய்சி எழுந்து நின்றது. குரைக்கவில்லை, பல்லை மட்டும் காட்டியது. மிஸ் கையை இழுத்துக்கொண்டார். றோட்டில் ஹேவாஹெட்ட பஸ் இரண்டு தடவை போனது. எனக்குத் தண்ணீர் விடாய்த்தது. டெய்சியின் கோப்பையில் இருந்ததைக் குடித்தாலும் குடிப்பேனே தவிரக் கதவைத் திறக்க மாட்டேன் என்று இருந்தேன்.

நாலு மணிக்குச் சுவக்கின் அண்ணன் துணியை மடித்தார். "நான் போய்ட்டு வாறேன் மிஸ். பாட்டுக்கு நேரமாகுது." போகிற போக்கில் கூண்டுக்குள் ஒருமுறை பார்த்தார். கேற் சாத்தும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் மிஸ் டெய்சியின் சோற்றுக்கோப்பையைக் கொண்டுவந்து கதவடியில் வைத்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். டெய்சி அசையவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். பிறகு கோப்பையைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"குட்டி போட்டது பட்டினி கிடக்கக்கூடாது" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

திங்கட்கிழமையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கொளுக்கியைக் கழற்றிக் கோப்பையை எடுத்து உள்ளே வைத்தேன். டெய்சிக்கு இருப்பது கட்டைவிரல் அளவு வால். அதை ஆட்ட இடுப்பையே ஆட்ட வேண்டும். ஆட்டிக்கொண்டே சாப்பிட்டது. மிஸ் போகாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதன் வயிற்றடியில் நாலு குட்டிகளும் முட்டிமுட்டிப் பால் குடித்தன. ஒவ்வொரு மிடறுக்கும் நாலு வால்கள் விறைத்து நடுங்கின.