ஷீட்டுத் தராசில் லண்டன் பெட்டி

ஆபேலுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. இருபத்திரண்டு வருடமாக ரப்பர் மரங்களின் முன்னால் குனிந்து நிமிர்ந்த இடுப்பு. மறுநாள் பகலில் லண்டன் விமானம். அப்படியிருந்தும் காலையில் நூற்றைம்பது மரத்திலும் பால் வெட்டிவிட்டுத்தான் வந்தான். வெட்டாவிட்டால் பால் வீண் என்பது ஒரு காரணம். வீட்டில் இருந்தால் லண்டனில் எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லித்தர யாராவது வந்துவிடுவார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

சொல்லித்தருவதற்கு அவன் மனைவி ஷீஜாவே போதும். லண்டனுக்கு நர்ஸாகப் போய் இரண்டு வருடம் ஆகிறது. இப்போது புருஷனையும் கூப்பிட்டுக்கொள்கிறாள். தினமும் டியூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவாள். ஆபேல் அதைக் கேட்டு ஷீட்டு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவைப்பான். முன்பக்கம், ரப்பர் வியாபாரி தேவகுமாரின் கடையில், பாலை உறையவைத்து எடுத்த ரப்பர் ஷீட்டை விற்ற எடைக்கணக்கு. பின்பக்கம் லண்டன்.

"நகரும் படியில வலப்பக்கம் ஒதுங்கி நிக்கணும். இடப்பக்கம் ஓடுகவனுக்கு உள்ளது. அங்க நின்னு வேடிக்க பாத்தா யாரும் ஏசமாட்டாவ, 'சாரி'ம்பாவ. அந்த சாரி ஏச்சாக்கும், கேட்டீளா?"

"பேங்குல கணக்கு தொடங்க வீட்டு அட்ரஸ் வேணும். வீடு எடுக்க பேங்கு கணக்கு வேணும். ரெண்டுல எது முந்துனதுன்னு எனக்கே இன்னும் தெரியல்ல. அதுனால மொத மாசம் எனக்க பேரிலயே கெடந்துக்கிடுங்க."

"வந்த ஒடனே டாக்டருகிட்ட பேரு பதியணும். நோவு வந்த பெறவு போனா முடியாது. ஒங்களுக்க இடுப்புக்கு ரெண்டு காய்ச்சல் மாத்திர தருவாவ. சண்டைக்குப் போவாண்டாம்."

"மீனு பொரிச்சா ஜன்னல தொறந்து வைக்கணும். இல்லேன்னா பொகைக்கு கூரையில உள்ள மணி அடிக்கும். நான் சாளை பொரிச்சதுக்கு மூணு மாடியும் தெருவுல வந்து நின்னுது."

"கையில உள்ள பவுண்ட உடைக்காண்டாம். மொத வாரம் அதுதான் சோறு."

இதெல்லாம் போக, கடைசியாக ஒன்று. "பெட்டி இருபத்திமூணு கிலோ. ஒரு கிலோ கூடப்பிடாது. எனக்க தோசக்கல்லு அதுல இருக்கணும். இங்க வாங்குன சட்டியில தோச கிழிஞ்ச துணி மாதிரி வருது. நீங்க வராட்டாலும் செரி, கல்லு வரணும்."

ஆபேல் பெட்டியைக் கட்டினான். தோசைக்கல், நல்லமிளகு, புளி, புட்டுமாவு, அவள் கேட்ட துணிமணி. தனக்கென்று வைத்தது இரண்டு கிலோ அவித்துக் காயவைத்த மரச்சீனிக் கிழங்கு மட்டும்.

ஷீஜாவின் தம்பி ஷாஜன்தான் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தான். ஒன்பது வருடம் துபாயில் இருந்தவன். கேம்ப், சைட், இரண்டுக்கும் நடுவில் பஸ் ஜன்னல், அவ்வளவுதான் அவன் பார்த்த துபாய். ஆனாலும் வெளிநாடு என்றால் ஊரில் அவனிடம்தான் கேட்பார்கள்.

"அத்தான், யாரு என்ன கேட்டாலும் நோ பிராப்ளம்னு சொல்லணும். பிராப்ளம் பெறவு தானா வரும்."

"பெட்டிய எங்கலே நிறுக்கியது?"

"தேவகுமாருக்க கடையில. எலக்ட்ரானிக் தராசு இருக்குல்லா."

குழித்துறைக்குப் போகும் வழியில்தான் கடை. தேவகுமார் ஷீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பெட்டியைக் கண்டதும் எழுந்து வந்து ஆபேலின் கையைப் பிடித்து வாழ்த்தினார். நிறுக்கவேண்டும் என்றதும் கையை விட்டார்.

"இது ஷீட்டுக்கு உள்ள தராசாக்கும் ஆபேலே. பெட்டிக்கெல்லாம் செரியா வராது."

"ஷீட்டுக்கு செரியா வருதுல்லா அண்ணே. பெட்டிக்கு மட்டும் என்ன?"

தேவகுமார் பெட்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "வீலு இருக்குல்லா. வீலுள்ள சாமானம் தராசுல நிக்காது."

"படுக்கப் போடுவோம்," என்று சொல்லி ஷாஜன் தூக்கிப் போட்டான். இருபத்திரண்டு அரை. கைப்பையையும் வைத்தான். ஆறு கிலோ முந்நூறு.

"பாத்தியளா அத்தான், அரக் கிலோவுக்கு எடம் இருக்கு."

"நீ ஒரு ரெண்டு மூணு கிலோ கொறச்சு வச்சுக்கோ மக்கா," என்றார் தேவகுமார். அவர் நெற்றி வியர்த்திருந்தது. "எதுக்கும் ஒரு பாதுகாப்புக்கு."

"இருபத்திரண்டு அரதானே அண்ணே? என்னத்துக்கு கொறைக்கணும்?"

தேவகுமார் அடுக்கிய ஷீட்டையே மறுபடியும் அடுக்கத் தொடங்கினார். தன்மேல் இவ்வளவு கரிசனமா என்று ஆபேல் நினைத்துக்கொண்டான். ஆறு வருடமாக, அந்தத் தராசு வந்த நாளிலிருந்து, வேறு கடையில் அவன் ஒரு ஷீட்டும் போட்டதில்லை.

மறுநாள் காலை திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பெட்டி இருபத்தைந்து காட்டியது.

"ஒங்க தராசு கேடு," என்றான் ஆபேல். கவுண்டரில் இருந்த பெண் பக்கத்துத் தராசில் வைக்கச் சொன்னாள். இருபத்தைந்து. கைப்பையை வைத்தார்கள். சரியாக ஏழு. இரண்டு கிலோவை எடுங்கள், இல்லையென்றால் நாலாயிரம் கட்டுங்கள் என்றாள். ஷாஜனிடம் டீசலுக்கு அறுநூறு இருந்தது. ஆபேலிடம் உடைக்கக்கூடாத பவுண்டு இருந்தது.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற ஷாஜன் கையை ஆட்டி, "நோ பிராப்ளம்னு சொல்லுங்க," என்று கத்தினான்.

ஆபேல் பெட்டியைத் திறந்து தோசைக்கல்லைத் தொட்டுப் பார்த்தான். பிறகு மரச்சீனிப் பொட்டலத்தை எடுத்து, ஷாஜனிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். பெட்டி இருபத்திமூன்றுக்கு வந்தது. கல் தப்பியது.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் அவனுக்குக் கணக்கு ஓடியது. இருபத்திரண்டு அரை இருபத்தைந்து ஆனது. ஆறு முந்நூறு ஏழு ஆனது. தேவகுமாரின் தராசு குறைத்துக் காட்டியது. பத்துக்கு ஒன்று. பையிலும் பத்துக்கு ஒன்று, பெட்டியிலும் பத்துக்கு ஒன்று. வீல் பெட்டிக்குத்தான் இருந்தது, பைக்கு இல்லை.

போனை எடுத்துத் தேவகுமாரைக் கூப்பிட்டான்.

"அண்ணே, பெட்டி இருபத்தஞ்சு."

அந்தப் பக்கம் தராசில் ஷீட்டு விழும் சத்தம் கேட்டது. ஷீட்டு வாசனை போன் வழியாக வருவதுபோல் இருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்லா ஆபேலே, கொறச்சு வைய்யின்னு."

"சொன்னிய அண்ணே. பெட்டிக்கு சொன்னிய. ஷீட்டுக்கு ஆறு வருசமா சொல்லல்லியே."

"தராசு வாங்கும்பமே அப்படித்தான் மக்கா இருந்துது. நீ நல்லபடியா போய்ச் சேரு. மத்தத பெறவு பேசுவோம்."

"பேசாண்டாம். நான் எழுதிக்கிடுதேன்."

விமானத்துக்குக் கூப்பிட இன்னும் நேரம் இருந்தது. இடுப்புக்கு ஒத்தாசையாகக் கைப்பையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஆபேல் நோட்டின் முன்பக்கத்தைத் திறந்தான். ஆறு வருட எடையையும் ஒன்றுவிடாமல் கூட்டினான். இரண்டாயிரத்து எழுநூறு கிலோ என்று வந்தது. ஒன்பதைப் பத்தாக்கினால் மூவாயிரம். பின்பக்கம் புரட்டி, நகரும் படி, பேங்கு, டாக்டர், மீன், பவுண்டு எல்லாவற்றுக்கும் கீழே எழுதினான்: தேவகுமார் எனக்குத் தரவேண்டியது முந்நூறு கிலோ ஷீட்டு.