ஒத்தி முடிந்த வீட்டில் பதினேழு நாட்கள்

ஆடி ஒன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு, திண்டுக்கல் ஆர்.எம். காலனியில் இரண்டாம் மாடியில் குடியிருந்த பானுப்ரியா பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது தரையிலிருந்து ஒரு முழம் மேலே போனாள். பாத்திரமும் கூடவே வந்தது. வீட்டின் ஒத்தி முந்தின நாளோடு முடிந்திருந்ததுதான் காரணம். அந்தக் கட்டிடத்தில் ஒத்தி முடிந்த வீட்டுக்குள் எதற்கும் எடை இருக்காது. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் என்பதைப் போல இதையும் குடிவரும்போதே சொல்லிவிடுவார்கள். அவளும் அடுப்பை அணைத்துவிட்டு, மேலேயே காபி கலந்து குடித்தாள்.

வீட்டுக்காரர் செபஸ்தியான் சார், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மூன்று வருடத்துக்கு முன் அவரிடம் ஐந்து லட்சம் மொத்தமாகக் கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருந்து, காலம் முடிந்ததும் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போவது என்று பேச்சு. ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் ஆகாதே என்று அடித்துப் பிடித்து ஆனி மாதக் கடைசியில் பத்திரம் போட்டார்கள். ஆனியில் தொடங்கியது ஆனியில்தான் முடியும், மறுநாள் ஆடிதான் என்பது யாருக்கும் தோன்றவில்லை. கணக்கு வாத்தியாருக்கும்தான். இப்போது நீட்டிக்க இன்னும் இரண்டு லட்சம் கேட்டார். வத்தலக்குண்டில் பூ ஏவாரம் பார்க்கும் முத்துச்சாமி ஏழு லட்சம் தருவதாகச் சொல்லியிருந்தார். பானுப்ரியாவிடம் சீட்டு எடுத்த ஒரு லட்சம்தான் இருந்தது. பேரம் இழுத்ததில் ஆனி முடிந்துவிட்டது. வடமதுரை டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் அவள் புருஷன் பழனிக்குமார், "ஆடியில போயி எவனாச்சும் பத்திரம் போடுவானா? ஆவணி பொறக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்து இறங்கி டூட்டிக்குப் போய்விட்டான்.

பானுப்ரியாவுக்கு அந்த வீடுதான் தையல் கடை. சுற்றியுள்ள எழுபது வீட்டுப் பெண்களின் ஜாக்கெட் அளவு அவள் நோட்டில் இருந்தது. இரண்டு தெரு தள்ளிப் போனாலும் அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். அது அவளை உள்ளுக்குள் அரித்தது. ஆனால் பயந்து உட்காருகிற ஆள் இல்லை அவள். தையல் மிஷினை ஜன்னல் கம்பியில் கொடிக்கயிற்றால் கட்டினாள். இடுப்பில் பாவாடை நாடாவை முறுக்கிக் கட்டித் தன்னையும் மிஷினோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். தைக்கும் துணி மடியிலிருந்து நழுவிக் கீழே விழவில்லை என்பதால் ஒரு நாளைக்கு இரண்டு ஜாக்கெட் கூடுதலாகவே முடிந்தது. வாடிக்கைக்காரர்கள் வாசலில் நின்று துணியை உள்ளே வீசுவார்கள், அது மெதுவாக மிதந்து அவள் கைக்கு வரும்.

ஆடி பதினைந்தாம் நாள் செபஸ்தியான் சார் முத்துச்சாமியை வீடு காட்டக் கூட்டிவந்தார். குடித்தனக்காரர்தான் மிதப்பார், சொந்தக்காரருக்கு என்ன என்ற நினைப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு விறைப்பாக உள்ளே நுழைந்தார். நேராகப் போய் மின்விசிறிக்குப் பக்கத்தில் நின்றார். வாங்கிய ஐந்து லட்சத்தை அவர் மூன்றாம் மாடி கட்டுவதில் போட்டிருந்தார். அதைத் திருப்பித் தராதவரை வீடு அவருடையதும் இல்லை, காலம் முடிந்துவிட்டதால் பானுப்ரியாவுடையதும் இல்லை. வாசலில் நின்ற முத்துச்சாமி அண்ணாந்து பார்த்தார்.

"சொந்தக்காரருக்கே கால் பாவலையே. நமக்கு இது சரிப்படாதுங்க சார், வாரேன்" என்று அப்படியே இறங்கிப் போனார்.

பானுப்ரியா அவசரப்படவில்லை. நாடாவைத் தளர்த்தி மேலே போய் அவருக்கு எதிரே நின்றாள்.

"ஒரு லட்சம் கூடத் தாரேன் சார். மூணு வருசம். முத்திரை, பதிவுச் செலவு ஆளுக்குப் பாதி."

"ஒண்ணரையாக் குடும்மா."

"இருந்தாத் தர மாட்டேனா சார்? நீங்க செத்த நேரம் யோசிங்க, நான் கொக்கி வச்சு முடிக்கேன்."

அவள் நாலாவது கொக்கி வைக்கும்போது அவர் சரி என்றார். அளவு டேப்பை அவர் கையில் கொடுத்து வாசல்வரை இழுத்துப்போய் விட்டாள்.

பதிவு அலுவலகத்துக்கு எதிரே உட்காரும் பத்திர எழுத்தர் கிதர் முகம்மது பழைய பத்திரத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள்தான் பிறகு கூரையைத் தொடுகிறார்கள் என்றார். வில்லங்கம் போட்டுப் பார்த்து, புதுப் பத்திரம் எழுதி, முத்திரைக் கட்டணம் கட்டி, இரண்டு சாட்சியோடு பதிய வேண்டும். ஆடிப்பெருக்குக்கு டோக்கன் கிடைத்தது. ஆடியிலும் அது ஒரு நல்ல நாள் என்பதால் பழனிக்குமாரும் சரி என்றான். காலை பதினொன்று நாற்பதுக்கு அவள் கைரேகை வைத்தாள். அதே நிமிடம் லீவு போட்டு வீட்டில் மிதந்துகொண்டிருந்த பழனிக்குமார், கிரைண்டர் விழுவதற்கு ஒரு நொடி முன்னால் தரைக்கு வந்து சேர்ந்தான். சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, பதிவு முடிந்ததா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

செபஸ்தியான் சாருக்கு மட்டும் கால் முழுதாகத் தரைக்கு வரவில்லை. ஒருதரம் கெடு தவறியும் அடுத்தவர் பணம் ஆறு லட்சத்தை வைத்திருக்கும் ஆள் என்பதால் எங்கே போனாலும் நான்கு விரல் உயரத்திலேயே நடந்தார். மாதா கோயிலிலும் கறிக்கடையிலும் ஒரு வாரம் பார்த்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். செருப்பு தேயவில்லை என்பதில் அவருக்குத் திருப்திதான். ஆவணியில் ஒருநாள் இரண்டு பேண்ட்டைக் கொண்டுவந்து, இடைவெளி தெரியாதபடி நான்கு விரல் ஒட்டுத்துணி வைத்து இறக்கித் தரச் சொன்னார்.

"தையல லேசாப் போடும்மா. மூணு வருசத்துல பிரிக்க வேண்டியதுதான்."

பானுப்ரியா தலையாட்டிவிட்டு, இரட்டைத் தையலாகப் போட்டுக் கொடுத்தாள்.