தாழங்கூடையில் விதைநெல்

காட்டேரிக்குப்பத்து அம்சவள்ளி, ஆஸ்திரேலியாவில் செவிலியராகப் பணிபுரியும் தன் மகள் ஸ்டெல்லா கொண்டுவந்து தந்த தாழங்கூடையில் பன்னிரண்டு மாம்பழங்களை அடுக்கி, நிலக்காரர் வீட்டு அமுதத்தின் புதுமனை புகுவிழாவில் வாசலோடு கொடுத்துவிட்டு வந்தாள். கூடை திரும்பவில்லை. பிறர் வீட்டுக் கூடையை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது அவ்வூரில் வழக்கமன்று. எனவே, தக்க பொருள் அகப்படும்வரை அது அமுதத்திடம் இருப்பதே முறையாகும்.

இருபதாம் நாள் ஸ்டெல்லா தொலைபேசியில் அழைத்தாள்.

“அம்மா, அந்தக் கூடய பின்னுன இந்த ஊரு பழங்குடி அம்மாவுக்கு நாளைக்கு ஆபரேஷன். அதுக்கு முன்ன கூடய ஒருவாட்டி பாக்கணும்றாங்க. இன்னிக்கு நாலு மணிக்கு வீடியோ கால் போடறேன்.”

“இப்பவேவா?”

“அவங்க கூட பின்னும்போதெல்லாம், செத்துப்போன அவங்க அம்மா பக்கத்துல வந்து குந்திக்குவாங்களாம். சாமி மாதிரிம்மா அது.”

“அதுல மாம்பழம் வச்சிக் குடுத்துட்டேனேடி!”

கொடுத்ததைக் கேட்பது இழிவு. கேளாதிருந்தால், அறுவை சிகிச்சைக்குச் செல்லும் ஒருவரை ஏமாற்றியதாகும். அம்சவள்ளி புறப்பட்டாள். அமுதத்தின் வயலில் முப்பது ஆண்டுகள் நாற்று நட்டவள் எனினும், பழைய வீடாயினும் புதுவீடாயினும் அவர்கள் வாசற்படியை அவள் ஒருமுறையும் தாண்டியதில்லை.

“அக்கா, கூடய பத்து நிமிசம் குடுங்க. அத்த பின்னுனவங்களுக்கு நாளைக்கு ஆபரேஷன், நாலு மணிக்கு போன்ல ஒருவாட்டி பாக்கணும்றாங்க.”

“இன்னாடி, வெறுங்கூடய குடுக்கச் சொல்லி என் மானத்த வாங்கறியா? விதைநெல்லு கொட்டி சாமிகிட்ட வச்சிருக்கேன். ஆடிப் பதினெட்டு வரைக்கும் அசைக்கக்கூடாது.”

“மணி நாலாவப் போவுதே!”

அமுதம் கதவை அகலத் திறந்தாள்.

“கூட வெளிய வராது. நீ உள்ள வா.”

அம்சவள்ளி குழாயடியில் கால்களை இருமுறை கழுவினாள். பூசையறையில் கூடை மஞ்சள் பொட்டுடன் வீற்றிருந்தது. அழைப்பும் வந்தது. திரையில் தோன்றிய பெண்மணி கூடையை நெடுநேரம் நோக்கிவிட்டு ஏதோ வினவினார்.

“உள்ள இன்னா இருக்குதுன்னு கேக்கறாங்கம்மா,” என்றாள் ஸ்டெல்லா.

அமுதம் முந்திக்கொண்டாள். “விதைநெல்லு. ஆறு படி புடிச்சிது. ஒரு நெல்லு ஒழுவலன்னு சொல்லு.”

ஸ்டெல்லா மொழிபெயர்த்தாள். அப்பெண்மணி இருமும் அளவுக்குச் சிரித்தார்.

“வெறுங்கூடயா செவுத்துல மாட்டி வச்சிருப்பீங்கன்னு பயந்துனு இருந்தாங்களாம். இனிமே நிம்மதியா தூங்குவேன்றாங்க.”

அழைப்பு முடிந்தது. அம்சவள்ளி வாசலுக்கு வந்து செருப்பை அணிந்தாள்.

“வெதச்சதும் குடுத்தனுப்பறேன். இன்னா வச்சி அனுப்பட்டும்?” என்றாள் அமுதம்.

“அனுப்பாதக்கா. நானே உள்ள வந்து எடுத்துக்கறேன்.”

“சரி, வா,” என்ற அமுதம், கதவைச் சாத்தாமலே உள்ளே சென்றாள்.