சித்தூரில் சொன்ன சாட்சி

சாட்சி சொல்ல ரேகா புனேவுக்குப் போக வேண்டியதில்லை, சித்தூர் கோர்ட்டிலேயே கேமரா முன்னால் உட்கார்ந்து சொன்னால் போதும் என்று பத்மாவதி போனில் சொன்னாள். பத்மாவதி திருப்பதியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருப்பவள். மீட்கப்பட்ட பெண்களுக்காக ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோர்ட் என்று அலைபவள். அந்த ஊர் மண்ணை மறுபடி மிதிக்க வேண்டாம் என்பதே ரேகாவுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

ஆந்திர எல்லை ஊரான நகரியில் அவள் குடும்பத்துக்கு விசைத்தறிதான் சோறு போட்டது. ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் கம்பெனிகள் வந்து, ஊர்ப் பெண்கள் கம்பெனி பஸ் ஏறத் தொடங்கிய காலத்தில் அவளும் வேலை தேடினாள். போனில் வந்த விளம்பரத்தை நம்பிப் பேசினாள். "ட்ரெயினிங் புனேவுல தங்கச்சி, முடிஞ்சதும் ஸ்ரீ சிட்டியிலயே வேலை" என்றான் ரங்கன் என்பவன். கூட்டிப்போய், பூட்டுப் போட்ட ஒரு வீட்டை நடத்தியவளிடம் விற்றுவிட்டு வந்துவிட்டான்.

ஒருநாள் அங்கே சமையல்காரி தன் போனை அடுப்படியில் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். ரேகாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அண்ணன் சுரேஷ்பாபுவின் நம்பர் ஒன்றுதான். தான் இருக்கும் இடத்தை மேப்பில் அவனுக்கு அனுப்பினாள். அதைப் பிடித்துக்கொண்டு அவன் போலீசோடு வந்து அவளை மீட்டான்.

வந்தவன் அதன் பிறகு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எதுவானாலும் அம்மா கிருஷ்ணம்மாவிடம்தான் சொல்வான். தறி ஓடும் வீட்டில் இருவர் பேசாமல் இருப்பது வெளியே தெரியாது.

சாட்சி நாளன்று, "நானும் வரட்டாடி?" என்று அம்மா கேட்டாள். உடனே குரல் தாழ்ந்தது. "ரெண்டு பேரும் எங்க போய்க்கினு இருக்கீங்கன்னு தெருவுல கேப்பாங்க. இன்னான்னு சொல்றது?"

"நான் போய்க்கிறேம்மா" என்று ரேகா தனியாகச் சித்தூர் பஸ் ஏறினாள்.

கோர்ட் வாசலில் பத்மாவதி காத்திருந்தாள். ஆனால் சாட்சி சொல்லும் அறைக்குள் அவளை விடவில்லை. உள்ளே ஒரு மேசை, ஒரு டிவி, மூலையில் ஒரு கோர்ட் ஊழியர். திரையில் புனே கோர்ட் தெரிந்தது. நீதிபதி கட்டைவிரல் அளவு இருந்தார். திரையில் அவர் பக்கத்திலிருந்த மொழிபெயர்ப்பு அம்மாள் கேள்விகளைத் தமிழில் சொன்னாள். நடந்ததை ரேகா தடுமாறாமல் சொல்லி முடித்தாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு போட்டோவைக் காட்டினார். ரயில் ஜன்னலோரம் ரங்கன் போனில் அவளே எடுத்துக்கொண்ட படம்.

"இஷ்டப்பட்டுத்தானே போனீங்க? சிரிச்சுக்கிட்டு இருக்கீங்களே?"

ரேகா படத்திலிருந்த பெண்ணைப் பார்த்தாள். தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள், பாவம்.

"வேலைக்குப் போறேன்னு சிரிச்சேன்" என்றாள்.

அந்த அம்மாள் அதை இந்தியில் சொல்லச் சற்று நேரம் எடுத்துக்கொண்டாள்.

பிறகு அடையாளம் காட்டச் சொல்லிக் கேமராவைக் கூண்டுப் பக்கம் திருப்பினார்கள். ரங்கன் நின்றான். அந்த நேரம் பார்த்து லைன் அறுந்து, படம் அப்படியே உறைந்துபோனது. ஊழியர் ஒயரைச் சரிபார்க்க வெளியே ஓடினார். அறையில் அவளும் அந்த முகமும் மட்டும். எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவனால் தன்னைப் பார்க்க முடியாது என்று பத்மாவதி சொல்லியிருந்தாள். ஆகவே அவள் பார்த்தாள். முன்பு அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. கன்னம் ஒட்டி, சவரம் செய்யாமல், சந்தையில் எதிரே வருகிற எவனோ போல இருந்தான்.

லைன் வந்ததும், "இவன்தான்" என்றாள்.

தீர்ப்பு வந்தபோது பத்மாவதி உதவியால் அவள் ஸ்ரீ சிட்டியில் உண்மையான கம்பெனி வேலையில் சேர்ந்து, ஹாஸ்டலில் இருந்தாள். "ரங்கனுக்கும் அந்த வீட்டை நடத்தினவளுக்கும் ஜெயில்" என்று பத்மாவதி செய்தி அனுப்பியிருந்தாள். ரேகா வீட்டுக்குப் போன் போட்டாள். அண்ணன் எடுத்தான்.

"அண்ணா, அவனுக்கு தண்டனை குடுத்துட்டாங்க."

பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது. "ம்" என்றான். "அம்மாகிட்ட தரேன்."

"மெல்ல பேசுடி," என்றாள் அம்மா. "பக்கத்து வூட்டம்மா உக்காந்துக்கினு இருக்காங்க."

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான் போட்டேன்."

போனை வைத்ததும் அறைத்தோழி வள்ளி, தலை வாரிக்கொண்டே, "இன்னா, நல்ல சேதியா?" என்றாள்.

"ஆமா" என்றாள் ரேகா. வள்ளி மேலே கேட்கவில்லை. கீழே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள்.