ஷெரிஃபின் பலகை

டீக்கன் ஏன் பாதி வழியில் திரும்பிவிடுகிறது என்பது ராய்ஸுக்குப் பிடிபடவில்லை. தெருவின் ஒரு கோடியில் ஷெரிஃப் அலுவலகம். அந்த வாடகைக் குதிரையை அதை நோக்கி எத்தனை முறை விரட்டினாலும் மதுக்கடை வரை சோம்பலாகப் போகும். அப்புறம் காதை மடக்கிக்கொண்டு, முதுகில் இருக்கும் கொள்ளைக்காரனையும் சுமந்தபடி வந்த வழியே பறக்கும்.

தெருவே பொய்தான். முன்னால் பலகை, பின்னால் முட்டுக்கொடுத்த கம்புகள். காலையில் சுடப்பட்டுச் செத்தவர்களே மாலையில் தொப்பியை மாற்றிக்கொண்டு சவ ஊர்வலத்தில் நடக்கும் அளவுக்குச் சிக்கனமான படம். இத்தனை காலம் அப்படிச் செத்துக்கொண்டிருந்த ராய்ஸ் டாக்கெட்டுக்கு இதுதான் முதல் கதாநாயக வேடம்: மூக்குக்கு மேல் கோபம் வரும் கொள்ளைக்காரன்.

படத்தின் கடைசியில் அந்தக் கொள்ளைக்காரன் ஷெரிஃப் முன் மண்டியிட்டு அழ வேண்டும் என்றார் தயாரிப்பாளர் லூபின். மனம் திருந்தினால்தான் தணிக்கைக்காரர்களுக்குப் பிடிக்குமாம். காலையில் அதை எடுத்தும் வைத்துவிட்டார். துப்பாக்கிக்கு நேராகப் பாய்ந்து சாவானே தவிர அழமாட்டான் என்று ராய்ஸ் கத்தினான். இயக்குநர் ஆர்வில் அவன் பக்கம். வெளிச்சம் போவதற்குள் பாய்ச்சலை எடுத்தால் அது, இல்லையென்றால் அழுகை என்று முடித்துவிட்டார் லூபின்.

வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

"குதிரைக்கே உன் முடிவு பிடிக்கலப்பா. பேசாம காலைல எடுத்த அழுகையே இருக்கட்டும்" என்றார் லூபின்.

ராய்ஸ் தொப்பியைத் தரையில் அறைந்தான். இறங்கிக் கடிவாளத்தை விட்டான். டீக்கன் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நாலுகால் பாய்ச்சலில் போய், மறுகோடியிலிருந்த லாயத்தின் மூடிய கதவை மூக்கால் இடித்தது. உள்ளே அதன் தீவனத் தொட்டி. கெஞ்சவில்லை, தயங்கவில்லை. அப்படி ஒரு பாய்ச்சலைத்தான் ராய்ஸ் நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஆர்வில், சுத்தியல் இருக்கா?"

"எதுக்குடா? குதிரைய அடிக்கவா?"

"ஊரையே திருப்பிப் போட."

ஆர்வில் லாயத்தைப் பார்த்தார், பிறகு ஷெரிஃப் அலுவலகத்தைப் பார்த்தார். லூபினிடம் கேட்காமலே கேமராவைத் தூக்கச் சொன்னார்.

ஷெரிஃப் பலகையைப் பெயர்த்து லாயத்தின் கதவுக்கு மேல் அடித்தார்கள். துப்பாக்கியோடு ஷெரிஃப் அதன் கீழே போய் நின்றார். டீக்கனை எதிர்க்கோடிக்கு இழுத்து வந்து, முகத்தை லாயத்தின் பக்கம் திருப்பி, ராய்ஸ் ஏறி உட்கார்ந்தான். கடிவாளத்தைத் தளர்த்தினால் போதும். குதிரை தீவனத்துக்கு ஓடும், படத்தில் அது ஷெரிஃபை நோக்கிப் பாயும்.