பின்கண்ணாடிக்குத் தண்ணீர்

ஊசி உள்ளே போய் எதிலோ முட்டி நின்றது. உல்மெகென் அதை இரண்டு விரலால் திருகி வெளியே இழுத்தாள். வெள்ளையாக ஒரு பொடி உதிர்ந்து நகக்கண்ணில் ஒட்டியது. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் அவள் நின்றிருந்தாள். நுக்குஸ் நகர ஆஸ்பத்திரியின் பின்வளாகத்தில், குட்டி வேனின் பின்பக்கம். ஏப்ரல் மாதக் காற்று பாவாடையைக் காலோடு சுற்றியது. கண்ணாடிக்கு மேலே தண்ணீர் பீச்சும் முனை கடுகளவு ஓட்டைதான். ஊர்க் கிணற்றுத் தண்ணீரையே இத்தனை நாளும் ஊற்றியிருந்தாள். அந்தத் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்துவிடும். முனை அடைத்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

உள்ளே, இரண்டாம் மாடியில், அவள் கணவன் தாஜிமுராத் எட்டு மணியிலிருந்து ரத்தம் சுத்திகரிக்கும் மெஷினில் படுத்திருந்தார். பன்னிரண்டுக்குத்தான் கழற்றுவார்கள். அதற்குள் இதைச் சரிசெய்துவிட வேண்டும் என்று காலையிலேயே முடிவு செய்திருந்தாள்.

இரண்டு வருடங்களாக வாரத்துக்கு மூன்று நாள் இதே பாதை. ஊரான அக்கூமிலிருந்து நுக்குஸுக்கு இரண்டு மணி நேரம், திரும்ப இரண்டு மணி நேரம். முதலில் ஒரு டிரைவரை அமர்த்தினார்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அவன் பன்னிரண்டு நாள் தாக்குப்பிடித்தான். அதற்குப் பிறகு உல்மெகென் ஐம்பத்தொரு வயதில் லைசென்ஸ் எடுத்தாள். மீசை முளைக்காத டிரைவர் என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். தாஜிமுராத்தின் அண்ணன் ஒராஸ்பாய் சிரிக்கவில்லை. ஆனால் ஒரு வருடம் அந்த வண்டியில் ஏறவும் இல்லை.

நடு சீட்டுகளைக் கழற்றிவிட்டு மெத்தை விரித்திருந்தாள். தாஜிமுராத் தலையை அவளுடைய சீட்டுக்குப் பின்னால் வைத்து, கால்களைப் பின்கதவுப் பக்கம் நீட்டிப் படுத்துக்கொள்வார். அவளுக்கு முன்னால் வரும் சாலை தெரியும். அவருக்குப் பின்னால் போகும் சாலை. முதுகோடு முதுகாகப் பேசிக்கொண்டே போவார்கள்.

"ஒட்டகம் மூணு. ஒண்ணு குட்டி."

"நான் பாக்கலையே."

"நீ எப்படிப் பாப்ப. நாமதான் தாண்டிட்டமே. ஏ டிரைவரம்மா, பின்னாடி ஒருத்தன் லைட்டு போட்டுப் போட்டுக் காட்றான். வழி விடு, பாவம், பொண்டாட்டி வீட்ல அடிப்பா போல."

பத்து நாளுக்கு முன்னால் பின்கண்ணாடிக்குத் தண்ணீர் வருவது நின்றது. லீவரை அமுக்கினால் வைப்பர் மட்டும் ஆடும். காய்ந்த வைப்பர் உப்புத் தூசியை இழுத்துக் கண்ணாடி முழுக்கப் பூசிவிட்டது. முன்கண்ணாடிக்கு வழக்கம்போல வந்தது. முதல் இரண்டு நாள் அவர் திட்டினார். மூன்றாவது பயணத்தில் பேச்சே நின்றுவிட்டது. அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி இரண்டு மணி நேரமும் படுத்திருந்தார். தூங்குகிறாரா என்று கேட்டதற்கு, இல்லை என்று மட்டும் சொன்னார். உல்மெகெனால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஊசியை மறுபடி விட்டாள். இந்தத் தடவை தடங்கல் இல்லாமல் போனது. வாளியிலிருந்து இறங்கும்போது ஒராஸ்பாய் படிக்கட்டில் நின்றிருந்தார். பென்ஷன் ஆபீசில் ஏதோ வேலை என்று இன்று கூட வந்தவர். தொப்பி கையில் இருந்தது. வெளியிடத்தில் ஒராஸ்பாய் தொப்பியைக் கழற்றி அவள் பார்த்ததேயில்லை.

"கெலின்," என்றார். தம்பி மனைவியாக அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் அவளை அப்படித்தான் அழைப்பார். தொப்பியால் மேல்மாடியைக் காட்டினார்.

அவள் ஊசியை ரவிக்கையில் குத்திக்கொண்டு மேலே போனாள்.

மெஷினை நிறுத்தியிருந்தார்கள். நர்ஸ் சர்பினாஸ் அவர் கையிலிருந்த குழாய்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள், இனி அழுத்தத் தேவையில்லை என்பது அவளுக்குத் தோன்றாதது போல. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். திடீரென்று, வலியில்லாமல். உல்மெகென் கேட்டுக்கொண்டாள். கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று நர்ஸிடம் கேட்டாள். காற்று நின்றுவிட்டதா என்று கேட்டாராம். சர்பினாஸ் ஜன்னலைப் பார்த்துவிட்டு இல்லை என்றாளாம். அவ்வளவுதான்.

சட்டையின் மணிக்கட்டுப் பொத்தான் திறந்திருந்தது. உல்மெகென் அதைப் போட்டுவிட்டாள். முகத்தைத் தடவினாள். காலையில் அவளே மழித்துவிட்ட கன்னம். ஒரு இடத்தில் சரியாக மழிக்காமல் விட்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

கீழே வந்தபோது ஒராஸ்பாய் போனில் இருந்தார். ஆஸ்பத்திரி வண்டி நகரத்தை விட்டுப் போகாது. இரண்டு டாக்ஸிக்காரர்கள் பிணம் என்றதும் போனை வைத்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் சாயங்காலம் வருவதாகச் சொன்னான். இன்றே, பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்தாக வேண்டும். குழி வெட்ட ஊருக்குச் சொல்லியாகிவிட்டது.

"சந்தையில ஒருத்தன் இருக்கான். உன் வண்டியையே ஓட்டிக்கிட்டு வரேங்கிறான்," என்றார். "நீ பின்னால உக்காந்துக்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? செத்தவனைப் பொண்டாட்டியே ஓட்டிக்கிட்டு வர்றது நம்மள்ல உண்டா? ஊரே வாசல்ல நிக்கும், கெலின்."

"நிக்கட்டும்."

"பேசுவாங்க."

"ரெண்டு வருசமா ஓட்டினப்ப அந்த ஊர்லருந்து ஒரு நாள் ஒருத்தர் வந்து, தள்ளிக்க, இன்னிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாங்களா? உயிரோட இருந்தவரை நான் ஓட்டலாம். இப்ப நான் ஓட்டக் கூடாதா? அந்த ஆளை வர வேண்டாம்னு சொல்லிருங்க, கைனாகா."

கணவனின் அண்ணனிடம் அவள் இத்தனை வார்த்தைகள் சேர்ந்தாற்போல் பேசியது இதுதான் முதல் முறை. ஒராஸ்பாய் போனைப் பார்த்தார். பிறகு அதைப் பையில் போட்டுக்கொண்டார்.

உடலைத் தருவதற்கான காகிதங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். உல்மெகென் வேனின் பின்பக்கம் போனாள்.

"கைனாகா, முன்னால ஏறி உக்காருங்க. அந்த வலது கை லீவரை முன்பக்கமாத் தள்ளிப் புடிங்க."

"இனிமே எதுக்கும்மா இது?"

"அவரு இன்னும் வீட்டுக்குப் போகலியே."

இந்த வேலையைத் தனியாகச் செய்ய முடியாது. ஒருவர் லீவரைப் பிடிக்க வேண்டும், ஒருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். வீட்டில் என்றால் தாஜிமுராத் சீட்டைப் பிடித்துப் பிடித்து முன்னால் நகர்ந்து வந்து உட்கார்ந்துகொள்வார். முப்பது வருடம் வாய்க்கால் பம்ப் ஸ்டேஷனில் வேலை பார்த்தவர். சத்தம் வந்தா மோட்டார் உசுரோட இருக்கு, அதை விட்டுட்டுக் குழாயைப் பாரு என்பார்.

ஒராஸ்பாய் ஏறினார். டிரைவர் சீட்டில் அவர் உட்கார்ந்ததே கிடையாது. மோட்டார் சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டியதில்லை. லீவரைத் தள்ளினார். வைப்பர் ஒருமுறை கீச்சென்று ஆடியது. தண்ணீர் இல்லை.

"முன்னாடி உர்ருனு சத்தம் கேக்குதா?"

"கேக்குது."

அப்படியானால் மோட்டாரும் ஃபியூஸும் சரி. தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. முனையும் திறந்துவிட்டது. இடையில் எங்கோ போகிறது. முன்னாலிருந்து தரைக்கடியிலும் கூரைக்குள்ளும் வளைந்து பின்கதவு வரைக்கும் வரும் நீளமான ட்யூப் அது. போகிற தண்ணீர் எங்கேயாவது விழ வேண்டுமே.

உல்மெகெனின் கை கதவுப் பிடியிலேயே நின்றது.

முந்தின நாளுக்கு முந்தின நாள், பயணத்தின் பாதியில், காலில் தண்ணீர் சொட்டுகிறது என்றார் அவர். கண்ணாடி தெளிகிறதா என்று அவள் லீவரை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். வண்டியை ஓரங்கட்டி வந்து பார்த்தாள். காலுறை நனைந்திருந்தது. மெத்தையின் ஓரமும் நனைந்திருந்தது. அவள் காலுறையை மாற்றி, கால்சட்டையையும் மாற்ற ஆரம்பித்தாள். "நான் இல்ல," என்றார். "இருக்கட்டும் விடுங்க, அதனால என்ன," என்றாள். "நான் இல்லங்கறேன்ல." அவள் நாடாவை முடிந்தாள். அதற்குப் பிறகு வீடு வரைக்கும் அவர் பேசவில்லை.

கதவை மேலே தூக்கினாள். கீலுக்குப் பக்கத்தில், கூரையிலிருந்து கதவுக்குள் போகும் இடத்தில், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை. அதைப் பிதுக்கிக் கழற்றினாள். உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் அவள் முழங்கை வழியாக இறங்கி ஓடியது. ட்யூப், கதவு திறந்து மூடும்போதெல்லாம் மடிந்து மடிந்து, அந்த மடிப்பிலேயே அறுந்திருந்தது. கூரைத்துணியின் மூலையில் ஒரு மஞ்சள் கறை. அதற்கு நேர் கீழே அவர் கால் வைக்கும் இடம்.

"என்னாச்சு?" என்றார் ஒராஸ்பாய், முன்னாலிருந்து.

"அவரு சொன்னாரு."

"என்ன சொன்னான்?"

அறுந்த இரண்டு நுனிகளையும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு தலைத்துணி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விரல் நீளத்துக்கு மெல்லிய குழாய் ஒன்று இருந்தால் உள்ளே செருகி ஒட்டுப்போட்டுவிடலாம் என்றாள்.

ஒராஸ்பாய் இறங்கி ஆஸ்பத்திரிக்குள் போனார். அவர் எங்கே போகிறார் என்று அவள் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது கையில் உறை பிரிக்காத ஒரு ட்ரிப்ஸ் குழாய் இருந்தது. சர்பினாஸிடம் கேட்டாராம். எதற்கு என்று அவள் கேட்டாளாம். தம்பிக்கு என்றாராம்.

கெட்டுப்போன நுனிகளைப் பிளேடால் வெட்டினாள். ட்ரிப்ஸ் குழாயில் ஒரு துண்டை நறுக்கி இரண்டு பக்கமும் செருகினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. மேலே நூலை இறுக்கிச் சுற்றினாள். தொட்டியில் இருந்த கிணற்றுத் தண்ணீரை வடித்துவிட்டு ஆஸ்பத்திரிக் குழாயிலிருந்து நல்ல தண்ணீர் பிடித்து ஊற்றினாள். கதவை மூடினாள்.

"தள்ளுங்க."

உர்ரென்றது. ஒன்றுமில்லை. நீளமான ட்யூப், நிறைய நேரம் பிடிக்கும். முனை ஒருமுறை துப்பியது. பிறகு தண்ணீர் விசிறியாகக் கிளம்பிக் கண்ணாடியில் விழுந்தது, காற்றில் பாதி அவள் முகத்தில் அடித்தது. வைப்பர் வெள்ளையை வழித்துத் தள்ளியது. ஒரு கோடு, பிறகு ஒரு கை அகலம், பிறகு வண்டியின் உள்பக்கம் முழுவதும் தெரிந்தது. மெத்தை, தலையணை, அதற்கப்பால் டிரைவர் சீட்டில் ஒராஸ்பாயின் முதுகு.

"போதும், கைனாகா."

தண்ணீர் நிற்கவில்லை.

"கைய எடுங்க. தீந்துரும்."

ஒராஸ்பாய் லீவரை விடவில்லை. ஸ்டீயரிங்கின் மேல் கவிழ்ந்திருந்தார். உல்மெகென் வளாகத்தின் மறுபக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவராக விடும்வரை காத்திருந்தாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு மறுபடி குழாயடிக்குப் போனாள்.

தாஜிமுராத்தை எப்போதும் படுப்பது போலவே படுக்க வைத்தார்கள். ஒராஸ்பாய் முன்னால், அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நகர எல்லையில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஒராஸ்பாயிடம் டிரைவர் எங்கே என்று கேட்டார்.

"அதோ உக்காந்திருக்கா. அவகிட்டயே கேளு," என்றார் ஒராஸ்பாய்.

வழியில் நான்கு தடவை உல்மெகென் லீவரைத் தள்ளினாள். குண்டும் குழியும் வந்த இடங்களில் அவள் வண்டியை மாட்டுவண்டி வேகத்துக்குக் குறைத்தாள்.

ஊர் வழக்கப்படி ஆண்கள் வீட்டு வாசலில் வரிசையாக, கம்பில் சாய்ந்து நின்றிருந்தார்கள். வண்டியைக் கண்டதும் ஓலம் எழுந்தது. யார் ஓட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் ஒரு கணம் அறுந்தது. அவள் நிறுத்தவில்லை. வண்டியைத் திருப்பி, பின்பக்கமாகவே வாசல்படி வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினாள். வரிசை தானாக விலகியது. பள்ளிவாசல் இமாம் கல்லிபெக் ஒராஸ்பாயின் பக்கத்தில் போய், இது சரியில்லையே என்று தணிந்த குரலில் சொன்னது அவள் காதிலும் விழுந்தது.

"நான் கூடத்தான் வந்தேன், மோல்லா," என்றார் ஒராஸ்பாய். "வழி நெடுக என் தம்பிக்கு ஒரு குலுக்கல் இல்ல."

குளிப்பாட்டித் துணி சுற்றினார்கள். தொழுகை முடிந்தது. லாரியில் ஏற்றினார்கள், இளைஞர்கள் சுற்றி ஏறிக்கொண்டார்கள். அடக்கம் செய்யும் மையத்தாங்கரை மேடு ஆறு கிலோமீட்டர், மணல்வழி. இருந்த இரண்டு கார்களும் நிரம்பிவிட்டன. நான்கு முதியவர்கள் மிச்சம் நின்றார்கள், முழங்கால் வலிக்காரரான இமாமும் அவர்களில் ஒருவர். ஒராஸ்பாயின் மருமகன் பெண்களிருந்த அறை வாசலுக்கு வந்து சாவியைக் கேட்டான்.

உல்மெகென் எழுந்தாள். சுற்றியிருந்த பெண்களில் ஒருத்தி அவள் கையைப் பிடித்தாள். பெண்கள் அங்கே போவதில்லை. உல்மெகென் அந்தக் கையை மெதுவாக விலக்கினாள்.

"சாவி எங்கிட்டயே இருக்கட்டும்," என்றாள். "வர்றவங்க ஏறிக்கலாம். நான் மையத்தாங்கரைக் கம்பி வேலிக்கு உள்ள வரமாட்டேன். அதுக்கு இந்தப் பக்கம் எல்லாம் ரோடுதான்."

வெளியே போய் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்தாள். லாரி கிளம்பித் தெருமுனை திரும்பியது. முதியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். காற்று அவர்களுடைய அங்கிகளை அடித்தது. அவள் யாரையும் கூப்பிடவில்லை.

கல்லிபெக் கம்பை ஊன்றி ஊன்றி முன்பக்கம் சுற்றி வந்தார். கதவைத் திறந்தார். முதலில் கம்பை உள்ளே வைத்தார், பிறகு ஒரு காலை, பிறகு வலிக்கிற காலை இரண்டு கையாலும் தூக்கி. மற்ற மூவரும் பின்னால் மெத்தையில் ஏறி உட்கார்ந்தார்கள்.

உல்மெகென் கியரைப் போட்டுவிட்டுக் கதவைப் பார்த்தாள்.

"சரியா விழல, மோல்லா," என்றாள். "இன்னொரு தடவை இழுத்துச் சாத்துங்க."

இமாம் திறந்து, இழுத்துச் சாத்தினார்.