பேச்சியம்மாளின் தோசைக்கல்

தீக்குச்சி உரசுகிறது, கதவுக்கு அந்தப் பக்கம், நமுத்துப்போன பெட்டியில் மெதுவாக ஓர் இழுப்பு, பற்றவில்லை, நான் குளியலறைக் கதவில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி நிற்கிறேன், உள்ளே மாமனார், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுவிட்டார், அவர் காலடியில் நீல வாளி, வாளியின் சலவைச்சோடா கரைத்த தண்ணீரில் அத்தையின் தோசைக்கல் கம்பியில் கட்டித் தொங்குகிறது, அவர் மனைவி பேச்சியம்மாள் போன பிறகு பரணில் கிடந்து துருவேறிய வார்ப்பிரும்புக் கல், காலையில் என் கணவர் முத்தரசு கரண்டு விட்டுத் துருவை எடுக்க அதில் கறுப்புக் கிளிப்பையும் எதிரே விட்ட பழைய இரும்புக் கம்பியில் சிவப்புக் கிளிப்பையும் மாட்டி, நண்பரின் பட்டறையிலிருந்து வாங்கிவந்த பேட்டரி சார்ஜரை ஹாலில் செருகிவிட்டு, மாத்தி மாட்டினா கல்லையே தின்னுரும், நான் சரியாத்தான் மாட்டியிருக்கேன், நீ எதையும் தொடாத, ஜன்னலை மட்டும் சாத்திராத, தண்ணியில கிளம்புற குமிழ் பூராம் ஹைட்ரஜன், பக்கத்துல நெருப்புக் காட்டினா குப்புனு பத்திக்கும் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார், மாடியில் வைக்கவேண்டியது, மழை விடவில்லை, மதுரையில் இப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை, அதனால்தான் குளியலறை.

தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் ஹாலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன், கரண்டு போய்விட்டது, ஆனால் காலையிலிருந்து கிளம்பிய குமிழெல்லாம் எங்கே போயிருக்கும், மேலே கூரையில் ஒட்டிக்கொண்டிருக்குமா, கதவிடுக்கு வழியாக வெளியே வந்திருக்குமா, எனக்குத் தெரியவில்லை, குளிருதுன்னு அவர் ஜன்னல் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகச் சாய்த்து மூடுவது மட்டும் கேட்டது, பிறகு மடியில் தீப்பெட்டி குலுங்கும் சத்தம், பீடியை அவர் எப்போதும் அங்கே போய்த்தான் குடிப்பார், மறதி நோய் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறது, மாமா, பீடி பத்த வைக்காதீங்க, உள்ள கேஸ் நிறைஞ்சிருக்கு என்கிறேன், யாரு அது என்கிறார், நான்தான் மாமா, உங்க மகன் பொண்டாட்டி, எனக்கு ஏது மகன் என்கிறார், கோபமாக இல்லை, நிஜமாகவே யோசித்துவிட்டுச் சொல்கிறார்.

கோபமாகச் சொன்ன காலம் ஒன்று இருந்தது, பதிவுத் திருமணம் முடித்து மாலையோடு போய் நின்றபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எந்த ஊரு என்று கேட்டார், சொன்னேன், எந்தத் தெரு என்றார், காலனித் தெரு என்றேன், எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார், அத்தை போய்ச் சேர்ந்து வேறு வழியில்லாமல் எங்களோடு வந்து இருந்தபோதும் என் கையால் தண்ணீர்கூட வாங்கியதில்லை, முக்குக்கடை மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வருவார், நான் தட்டு வைத்த இடத்தில் அது அப்படியே ஆறிக் கிடக்கும், இப்போது மெஸ்ஸுக்குப் போகும் வழி அவருக்கு மறந்துவிட்டது, மகன் சமைத்து வைத்தாலும் இது அவ சுட்ட தோசை இல்லையே என்று தள்ளிவிடுகிறார், சட்டைக்குள் ஆள் மெலிந்துகொண்டே போகிறார், அதனால்தான் இந்தக் கல், அம்மா கல்லைப் பார்த்தா சாப்பிடுவாரு, யார் சுட்டதுன்னு கேட்டா உங்க மகன்னு சொல்லிரு, இல்ல கடையில வாங்குனதுன்னு சொல்லிரு என்று கணவர் பரணிலிருந்து இறக்கினார், நான் சரி என்று சொல்லவில்லை.

இன்னொரு உரசல், இதுவும் பற்றவில்லை, தொலைபேசியில் கணவரைக் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை, தெருவுக்கு ஓடி யாரையாவது கூட்டிவரலாம், அதற்குள் ஒரு குச்சி பற்றிக்கொண்டால், மாமா, தீப்பெட்டியைக் கீழ போடுங்க, கதவைத் திறங்க என்று கத்துகிறேன், கத்தினால் அவர் வீம்பு கூடும் என்று தெரிந்தும் கத்துகிறேன், உள்ளே தண்ணீர் அலம்புகிறது, இது பேச்சி கல்லுல்ல, இதை எவன் தண்ணிக்குள்ள முக்கிப் போட்டது, அவ ஈரம் படவிடமாட்டாளே என்கிறார், குரல் உடைந்திருக்கிறது, அந்தக் குரலை நான் கேட்டதில்லை, கதவில் நெற்றியை வைத்துக்கொள்கிறேன், வாயில் வந்ததைச் சொல்கிறேன், மாமா, எனக்குப் பசிக்குது.

உள்ளே தண்ணீர் அலம்புவது நிற்கிறது, பசிக்குதா என்கிறார், ஆமா மாமா, காலையில இருந்து சாப்பிடல, அது பொய்யில்லை, கல்லு வேணும், எடுத்துட்டு வாங்க, மாவு இருக்கா என்கிறார், இருக்கு மாமா, பொங்கி நிக்குது, அப்ப பிள்ளைய பட்டினி போடவா என்று யாரிடமோ சொல்லிக்கொள்கிறார், தாழ்ப்பாள் ஒருமுறை மாட்டி, இன்னொருமுறை மாட்டி, விலகுகிறது, நனைந்த வேட்டியோடு கல்லைக் குழந்தையைப்போல் மார்பில் அணைத்துக்கொண்டு நிற்கிறார், கரிய தண்ணீர் வழிகிறது, கிளிப் ஒயர் பின்னால் இழுபடுகிறது, உதட்டில் பற்றாத பீடி, கையைப் பிடித்து வெளியே இழுத்துத் தீப்பெட்டியை வாங்கிக்கொண்டேன், அவர் கையை நான் தொட்டது அதுதான் முதல்முறை, விலக்கவில்லை.

ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்துவிட்டு, வீடு முழுக்கச் சாரல் அடித்துக் காற்று போய் வந்த பிறகுதான் அடுப்பைத் தொட்டேன், தேய்க்கத் தேய்க்கத் துரு கறுப்புச் சேறாக வழுக்கிக்கொண்டு போனது, சாம்பல் நிறத்தில் இரும்பு வெளியே வந்தது, உடனே சூடுகாட்டி நல்லெண்ணெய் தடவினேன், புகைந்தது, மறுபடி தடவினேன், முதல் தோசை ஒட்டிப் பிய்ந்தது, அதற்கடுத்ததும் பிய்ந்தது, அவர் அடுக்களை வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு தோசை முழுசாகக் கிளம்பியது, தட்டில் வைத்தேன், ஒரு விள்ளல் வாயில் போட்டு மென்றார், பிறகு தலையைத் தூக்கி, யாரு பெத்த பிள்ளையோ, எந்த ஊரு ஆத்தா நீ என்றார்.

கடையில் வாங்கியது என்று சொல்லவேண்டியதில்லை, யார் சுட்டது என்று அவர் கேட்கவே இல்லை, ஏதாவது ஓர் ஊரைச் சொல்லியிருக்கலாம், தட்டில் பாதித் தோசை இருந்தது, எத்தனையோ நாளைக்குப் பிறகு இறங்குகிற சோறு, கரண்டியைக் கீழே வைத்தேன், என் ஊரைச் சொன்னேன், அவர் கேட்பதற்கு முன்னால் காலனித் தெரு என்பதையும் சொன்னேன், மென்றுகொண்டிருந்த வாய் நின்றது, கல் காய்ந்து புகை எழும்பியது, அதை இறக்கக்கூட எனக்குக் கை வரவில்லை, அவர் தட்டையே பார்த்தார், கம்மாய்க்குள்ள இறங்கிப் போகணும், நல்ல மண்ணுள்ள ஊரு என்றார், பிறகு தட்டை என் பக்கமாக நகர்த்தினார், தோசை அதில் பாதி இருந்தது, எழுந்துவிடுவாரென்று நினைத்தேன், துண்டைத் தேடுவாரென்று நினைத்தேன், கல்லு காயுது பாரு, இன்னொண்ணு ஊத்து, கொஞ்சம் முறுகலா என்றார்.